இலங்கையில் இறந்த இருவருக்கு ஊரில் ஒரு கல்

பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. மழை பொய்த்தால் பருத்தியும் போகும், மல்லியும் போகும். பட்டாளத்துச் சம்பளம் மாதம் தவறாமல் வரும். எங்கள் ஊரும் அப்படித்தான். திருமங்கலத்திலிருந்து டி.கல்லுப்பட்டி வந்து பேரையூர் சாலையில் கொஞ்சம் உள்ளே போனால் வருகிற சின்ன ஊர். இலங்கைக்குப் போன இந்தியப் படையில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் காலனியைச் சேர்ந்தவர். 1987 அக்டோபரில், யாழ்ப்பாணத்தை நோக்கிப் படை நகர்ந்தபோது நடந்த சண்டையில் இறந்தார். இன்னொருவர் என் பெரியப்பா மகன். 1989-ல் வவுனியாப் பக்கம் கண்ணிவெடியில் போனார். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இரண்டு பேருக்கும் ஊரில் ஓர் அடையாளமும் இல்லாமல் இருந்தது. இப்போது ஒரு கல் இருக்கிறது. அதை நிறுத்துவதற்குள் தெரிந்துகொண்டவற்றை, இதே எண்ணத்தோடு இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் இத்தனை வருஷம் ஆனது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29-ல் ஒப்பந்தம் போட்டபோது படை போனது தமிழர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். அதற்கு முன்பு ஈழத்துக்கென்று எங்கள் பள்ளிக்கூடத்திலேயே உண்டியல் வசூல் நடந்திருந்தது. அக்டோபரில் அதே படை புலிகளோடு சண்டையில் இறங்கியது. காலனிக்குத் தந்தி வந்த நாளில் துக்கம் விசாரிக்கப் போனவர்களுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பாகிஸ்தானோடோ சீனாவோடோ நடந்த சண்டை என்றால் 'நாட்டுக்காக உயிர் கொடுத்தான்' என்று சொல்ல வாய் வரும். இது தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசுகிறவர்களோடு நடந்தது. பெரியப்பா வீட்டிலும் அதே கதைதான். உடல் வரவில்லை, அஸ்திதான் வந்தது. வாங்கிக் கரைத்தோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

1990 மார்ச் 24-ல் கடைசிப் பிரிவும் இலங்கையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த என் மதினிக்கு அப்போது இருபத்துநாலு வயசு, கையில் பிள்ளை. அவருடைய துக்கத்தை வைத்துக்கொள்ள இந்த மாநிலத்தில் ஓர் இடம் இல்லாமல் போனது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகு புலிகளைப் பற்றிய பேச்சு மாறியது. இறந்துபோன சிப்பாய்களைப் பற்றிப் பேச்சு எழவேயில்லை. அந்த இரண்டே முக்கால் வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் இலங்கை நினைவுச் சின்னம் கட்டிவிட்டது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25-ல்தான் திறக்கப்பட்டது. அங்கே கருங்கல் சுவரில் இருக்கும் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் இவர்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது. மதினியின் மகன் அதைப் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வந்தான். படத்தைப் பார்த்துவிட்டு மதினி கேட்டார்: "டெல்லியில இருக்கு, கொழும்புல இருக்கு. நம்ம ஊர்ல ஏன் தம்பி இல்ல?"

வேலை அங்கே ஆரம்பித்தது.

நம் பக்கத்தில் சண்டையில் இறந்தவனுக்குக் கல் நடுவது புதுசு இல்லை. வைகை அணைக்கு அந்தப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் விழுந்த ஒருவனுக்கு நட்டது. பெயர் தீயன் அந்தவன். ஒரு ஊர், ஒரு பூசல், ஒரு பெயர், அவ்வளவுதான் எழுத்து. யார் பக்கம் நியாயம் என்று அந்தக் கல் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கல்வெட்டுகளைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எண் மட்டும் இருக்கும். போனவன் யார் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே இன்று தெரியாது. எங்களுக்கு இந்த இரண்டு கல்லும் வழிகாட்டின. பெயர் வேண்டும். நியாயத் தீர்ப்பு வேண்டாம்.

பெயர் வேண்டுமென்று முடிவு செய்ததும் தாள்கள் தேவைப்பட்டன. இதில் எல்லோரும் முதலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற வீட்டில் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய உத்தரவு கட்டாயம் இருக்கும். படை எண், பதவி, பெயர், இறந்த தேதி எல்லாம் அதிலிருந்தே கிடைத்துவிடும். படை எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் ஆளைத் தேடுவது கஷ்டம், ஏனென்றால் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். மதுரையில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தால் எந்த ஆவண அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆவணம் ஒவ்வோர் ஊரில் இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், பொறியியல் வேலை பார்க்கிற மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். கடிதத்தை மனைவி அல்லது பெற்றோர் பெயரில் எழுத வேண்டும். ஊர்ப் பொதுமக்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பதில் வருவது அபூர்வம்.

பெயரில் ஒரு சிக்கல் வரும். சேரும்போது ஆள் எடுத்த குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஊரில் கூப்பிட்ட பெயர் ஒன்றாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ராணுவத்தில் ஒன்று. எண், பதவி, தேதி மூன்றும் ஆவணத்தில் இருக்கிறபடியே போகட்டும். பெயரை மட்டும் குடும்பம் சொல்கிறபடி எழுதுங்கள். அம்மா உயிரோடு இருந்தால் அவர் எப்படிக் கூப்பிட்டாரோ அந்தப் பெயர். இதில் அதிகாரிக்கு வேலை இல்லை.

குடும்பத்தின் சம்மதம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். காலனிக்காரரின் மனைவி மறுமணம் செய்துகொண்டு திருப்பூரில் இருக்கிறார். ஊரில் தங்கை மட்டும் இருக்கிறார். தங்கை சொன்னால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. திருப்பூருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தோம். புதுக் குடும்பத்துக்கு முன்னால் இந்தப் பேச்சை எடுக்கலாமா என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டுதான் போனோம். நெடுநேரம் பேசினார். கல் வையுங்கள், என் பெயர் அதில் வேண்டாம், திறக்கிற அன்று நான் வரமாட்டேன், அப்புறம் ஒரு நாள் தனியாக வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கேட்டபடியே செய்தோம்.

கல்லில் யார் பெயர் முதலில் என்பதுதான் எங்கள் ஊரில் பெரிய சண்டையாகப் பார்த்தது. இதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. என் தெருவில் சிலர் காலனிக்காரர் பெயர் மேலே வரக்கூடாது என்றார்கள். இரண்டு கல்லாக வைத்துவிடலாம், அவரவர் தெருவில் அவரவர் கல் என்று ஒருவர் யோசனை சொன்னார். இரண்டு பேரும் ஒரே படையில் ஒரே சீருடையில் இறந்தவர்கள். ஊருக்குள் அவர்களைத் திரும்பப் பிரித்து வைக்கிற கல்லுக்கு நான் ஒரு ரூபாய் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் பெரியப்பா மகன் பெயருள்ள கல் என்பதால் என் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம். முடிவில் ஒரு விதி வைத்தோம்: இறந்த தேதிப்படி வரிசை. பதவி பார்க்கக் கூடாது, தெரு பார்க்கக் கூடாது, வயசு பார்க்கக் கூடாது. நீங்களும் இந்த விதியை முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். யார் யார் பெயர் வரும் என்று தெரிவதற்கு முன்னால் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

இடமும் அதே மாதிரிதான். கோயில் முன்னால் வைத்தால் காலனி ஆட்கள் வந்து நிற்பதில் வம்பு வரும். காலனியில் வைத்தால் இந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். சாலையோரப் புறம்போக்கு எல்லோருக்கும் வசதிதான், ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போகிறது அதுதான். பொதுச் சாலையில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் சிலை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். சிலை அப்புறம் கூண்டு கேட்கும், கூண்டு போலீஸ் காவல் கேட்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கிப் பார்த்தபோது பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பட்டா நிலம் மூன்று சென்ட் சும்மா கிடப்பது தெரிந்தது. அவர்கள் அதை ஊராட்சிக்குத் தானமாகப் பதிவு செய்து கொடுத்தார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வாய்ச் சொல்லாகக் கொடுத்த இடத்தில் கல் நடாதீர்கள். பேரன் காலத்தில் அது வேலிக்குள் போய்விடும்.

கரிசல் மண்ணில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் வெடித்துச் சுருங்கி மழையில் ஊதிக்கொள்கிற மண் இது. மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் இரண்டு மழையில் மேடை சாயும். எங்கள் கொத்தனார் கரிசலை ஆழமாக எடுத்து, கெட்டித் தரை வந்த பிறகு சரளை போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, அதற்கு மேல்தான் கான்கிரீட் போட்டார். செலவு கூடத்தான். ஆனால் கல்லுக்கு ஆகிற காசில் ஒரு பங்கை மண்ணுக்குள் போட மனசு வேண்டும்.

கல்லைப் பற்றி நிறையச் சொல்லலாம். கடைக்காரர்கள் முதலில் காட்டுவது பளபளக்கும் கறுப்புக் கிரானைட் பலகை. ஸ்டிக்கர் ஒட்டி மணல் பீய்ச்சி எழுத்தைக் குழித்து, அதில் தங்க நிறப் பெயிண்ட் நிரப்பித் தருவார்கள். பார்க்க அழகு. செங்கல் சுவரில் சிமெண்ட் வைத்து ஒட்டுகிற அந்தப் பலகை நம் வெயிலில் சில வருஷத்தில் விட்டுக்கொள்ளும், பெயிண்ட் அதற்கு முன்பே போகும். குழி ஆழமில்லாததால் பெயிண்ட் போன பிறகு வாசிக்க முடியாது. நாங்கள் பாலிஷ் போடாத ஒற்றைக் கல் எடுத்தோம். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிற நீளம். எழுத்து உளியால் கையில் வெட்டியது, பெயிண்ட் இல்லை. காலையிலும் சாயங்காலத்திலும் சாய்வாக வெயில் விழும்படி கல்லை நிறுத்தினால் எழுத்து நிழலிலேயே தெளிவாகத் தெரியும். அதற்குக் கல் தெற்கோ வடக்கோ பார்க்க வேண்டும்.

தமிழில் புள்ளி மிக முக்கியம். புள்ளியை மேலாகத் தட்டிவிட்டுப் போனால் தூசி அடைத்து மறைந்துவிடும், பெயரே மாறிவிடும். எழுத்துக்கு எவ்வளவு ஆழமோ அதே ஆழம் புள்ளிக்கும் வேண்டும் என்று ஆசாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உளி வைப்பதற்கு முன் கல்லில் காவியால் எழுதச் சொல்லி, இரண்டு குடும்பத்தையும் வரவழைத்து, பகல் வெளிச்சத்தில் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். மதினி வந்து, தலைப்பெழுத்துக்குப் பிறகு இடைவெளி விடச் சொன்னார். அவர் வாசித்து முடித்துச் சரி என்ற பிறகுதான் ஆசாரி உளி வைத்தார்.

என்ன எழுதுவது என்பதில் ஒரு தரப்பு 'தாயகத்துக்காக இன்னுயிர் ஈந்த மாவீரர்கள்' என்று எழுத ஆசைப்பட்டது. இன்னொரு தரப்பில் இளவட்டங்கள், ஈழத்தில் 2009 மே மாதம் வரை நடந்ததை நெஞ்சில் வைத்திருப்பவர்கள். அந்தப் படையை வீரர்கள் என்று எழுதினால் கல்லில் சாணி அடிப்போம் என்றே ஒருவன் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 1987 அக்டோபர் 21-ல், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு என் அண்ணனுக்கு மட்டும் அழ என்னால் முடியாது.

இந்த இழுபறிக்கு நடுவில் கம்பி வேலிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில் இருக்கிறவர், 1990-ல் சின்னப் பையனாகப் படகில் வந்து இறங்கியவர். முகாம் ஆட்கள் பலருக்கு பெயிண்ட் வேலைதான் பிழைப்பு. எதற்கு வேலி என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் அடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தீபாவளிக்குத் தன் சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததையும் பிறகு வீடு திரும்பாததையும் சொன்னார். வேலையை வேண்டாமென்று விட்டுவிடலாம், கூலி தந்துவிடுகிறேன் என்றேன்.

"இல்லை அண்ணை. பேரை எழுதுங்கோ. அந்தப் பொடியன்மாரின்ர பேரை எழுதிறதில எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவையும் ஏழை வீட்டுப் பிள்ளையள்தானே. எங்களைக் காப்பாத்த வந்தவை எண்டு மட்டும் எழுதிப் போடாதேங்கோ."

அதை அடுத்த கூட்டத்தில் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு கூட்டம் அதிக நேரம் நடக்கவில்லை. பெயர், தகப்பனார் பெயர், படை எண், பதவி, ரெஜிமெண்ட், பிறந்த வருஷம், இறந்த தேதி, இறந்த இடம், இலங்கை. வேறு ஒரு சொல்லும் வேண்டாம் என்று முடிவானது. இளவட்டங்கள் ஒப்புக்கொண்டார்கள். சாணி அடிப்பேன் என்றவன் கல் நிறுத்துகிற அன்று வடம் பிடித்தான். ஒரு போரில் ஊருக்குள்ளேயே இரண்டு எண்ணம் இருக்கும்போது பட்டங்களை விட்டுவிட்டுத் தகவலை மட்டும் வெட்டுங்கள். வாசிக்கிறவர்கள் தங்கள் மனசில் இருப்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

திறப்பு விழா கல்வெட்டு என்று ஒன்றைக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். திறந்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் என்று இறந்தவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அது வரும். நாங்கள் அதை வைக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் மனத்தாங்கல் வராமல் இருக்க, ஊரிலேயே மூத்த ஓய்வுபெற்ற சுபேதாரும் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து துணியை எடுத்தார்கள். பணம் கொடுத்தவர் பட்டியலும் கல்லில் இல்லை. கணக்கை எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டோம்.

கல் நின்ற சில நாளிலேயே ஒன்று கவனித்தேன். வயசான பெண்கள் எண்ணெய் தடவி, சந்தனம் வைத்து, மாலை போட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் அடிபட்டுச் செத்தவன் பட்டவன் சாமியாகிற வழக்கம் இருக்கிறதே, அதனால் அதைத் தடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் எண்ணெயும் புகையும் சேர்ந்தால் எழுத்து அடைத்துக்கொள்ளும். அதனால் கல்லுக்கு முன்னால் தள்ளி ஒரு விளக்கு மாடம் கட்டினோம். எண்ணெய் அங்கே, மாலை மேடையில். கழுவ வெறும் தண்ணீரும் தேங்காய் நார்த் தூரிகையும் போதும். ஆசிட் ஊற்றிக் கழுவ வருகிறவர்களை விடாதீர்கள், கல் கறைபட்டுப்போகும். வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரும் கூடுவதற்கு டிசம்பர் 7, படைவீரர் கொடி நாளை எடுத்துக்கொண்டோம். அவரவர் திதியை அவரவர் வீட்டார் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். திருப்பூர் அம்மா தான் சொன்னபடியே ஒரு நாள் வந்து போனதாகப் பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் சொன்னார்.

தேதிப்படி வரிசை என்று விதி வைத்ததால் கல்லின் மேல்பகுதியில் ஒரு பெயர் கொள்கிற இடம் விட்டிருக்கிறோம். 1971 சண்டையில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இறந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். குடும்பம் அப்போதே ஊரை விட்டுப் போய்விட்டது. பீரங்கிப் படையில் இருந்தார் என்று மட்டும் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் அவருடைய அண்ணன் மகன் ஒருவர் இருப்பதாகத் தகவல் கிடைத்து, அவரிடம் பேசி, அவர் பெயரில் நாசிக்குக்கு மனு போயிருக்கிறது. படை எண் வந்ததும் ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.